ஏரிக்கு யார் அமைச்சர்?

புதிய அமைச்சரவை பதவியேற்கும் நாளில் எல்லோரும் பெயர்களை எண்ணுகிறார்கள். எந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம், எந்தச் சமூகத்துக்கு எத்தனை, பெண்கள் எத்தனை பேர், போன முறை இருந்தவர்களில் யார் விடுபட்டுப்போனார்கள் என்று பொழுது சாயும்வரை கணக்கு ஓடும். வேண்டிய கணக்குதான் அது. 2021 மே 7 அன்று மு.க. ஸ்டாலினோடு சேர்த்து 34 பேர் பதவியேற்றபோது அவர்களில் பெண்கள் இரண்டே பேர் என்பதை யாராவது எண்ணிச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெயர்ப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டியலும் அச்சாகிறது. யாருக்கு எந்தத் துறை, அந்தத் துறைக்குள் அடங்கும் பொருள்கள் எவை எவை என்று சொல்லும் பட்டியல். அதை வரிவரியாகப் படிப்பவர்கள் குறைவு. பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்களின் வாழ்வைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது பட்டியல்தான்.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் தமிழ்நாடு முடிகிற இடத்தில் இருக்கிறது ஆரம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம். கூடூர் போகும் ரயில் பாதையில் எளாவூருக்கு அடுத்த நிலையம். அதற்கும் அடுத்தது தடா. அங்கே ஆந்திரம் தொடங்கிவிடும். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். ஊருக்குக் கிழக்கே ஏரி. சுண்ணாம்புக்குளம், அண்ணாமலைச்சேரி, நொச்சிக்குப்பம் என்று அதைச் சார்ந்த ஊர்களும் குப்பங்களும். சிலிக்காவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்பகுதி நம்மிடம். ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. பழவேற்காட்டு முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. நீர் ஒன்றுதான். தெற்கில் முகத்துவாரம் தூர்ந்தால் வடக்கில் உப்பின் அளவு மாறும், மழை பொய்த்தால் மீனும் மாறும், மீன் மாறினால் பறவையும் மாறும்.

இந்தக் கரையில் ஒரு மனு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடும். ‘பெறுநர்’ என்று எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே யார் பெயர்? முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொண்டது, கடல் தண்ணீர் உள்ளே ஏறவில்லை, இறால் குஞ்சு வரவில்லை, படகு வெளியே போக வழியில்லை என்பது சங்கதி. தொழில் நின்றுபோனதால் மீன்வளத் துறைக்கு எழுதலாம். மணலை வாருவதும் கரை கட்டுவதும் பொறியாளர் வேலை. அதற்கு நீர்வளத் துறை இருக்கிறது. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே வனத்துறையின் சம்மதம் இல்லாமல் அங்கே மண்வெட்டி வைக்க முடியாது. நிரந்தரமாகத் தடுப்புச் சுவர் கட்டுவது போன்ற பெரிய வேலையென்றால் கோப்பு தில்லியில் தேசிய வனவிலங்கு வாரியம்வரை போய்த் திரும்ப வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி அதற்கு மேல். கரைப் புறம்போக்கு வருவாய்த் துறையினுடையது. தெற்கே கட்டப்பட்ட துறைமுகங்களால் கடலின் மணலோட்டம் மாறிவிட்டது என்று எழுதப் போனால், எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகம் ஒன்றிய அரசுடையது. சிறு துறைமுகங்களோ மாநிலத் தலைமைச் செயலகத்தில் நெடுஞ்சாலைத் துறையோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு வருகிறதே, அதற்கு மூலமான விண்வெளித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பு. வலையை அறுத்தார்கள், படகைப் பிடித்தார்கள் என்று வடக்கே தகராறு வந்தால் எதிரில் நிற்பது வேறொரு மாநிலம்.

கடைசியில் ‘உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்’ என்று எழுதித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு வருவார்கள். ஆட்சியர் அலுவலகம் அதை உரிய துறைக்கு அனுப்பும். உரிய துறை எது என்பதுதானே மனு எழுதியவரின் கேள்வியும்!

இப்படித் துண்டு போடுவது யார் வேலை? அரசமைப்புச் சட்டத்தின் 163-ஆம் உறுப்பு ஆளுநருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் முதலமைச்சரின் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்கும் என்கிறது. 164-ஆம் உறுப்பின்படி முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார். மற்றவர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார். சட்டமன்றக் கட்சிக் கூட்டம், தலைவர் தேர்வு, உரிமை கோரும் கடிதம், அழைப்பு, பட்டியல், பதவிப் பிரமாணம், இரகசியக் காப்புப் பிரமாணம் என்ற வரிசை நமக்குப் பழகிப்போனது. சட்டமன்ற உறுப்பினராக இல்லாதவரும் அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். ஆளுநர் விருப்பமுள்ளவரை பதவி என்ற சொற்களை வைத்துக்கொண்டு ஆளுநரே அமைச்சரை நீக்கலாம் என்று படிப்பவர்கள் உண்டு. 1974-இல் சம்ஷேர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டியவர் என்று சொன்ன பிறகும் அந்தப் படிப்பு ஓயவில்லை. 2023 ஜூன் 29 அன்று சென்னையில் ஓர் அமைச்சரை நீக்கி ஆணை வந்ததையும், அன்றிரவே அது நிறுத்திவைக்கப்பட்டதையும் பார்த்தோம்.

எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது பிந்தித்தான். 1997-இல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் 93 அமைச்சர்களோடு ஆட்சி நடத்தினார். ஆதரவு தந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டால் அப்படித்தான் ஆகும். 2003-இல் 91-ஆவது திருத்தம் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 விழுக்காட்டுக்கு மேல் அமைச்சர்கள் கூடாது என்றது. 234 உறுப்பினர்கள் உள்ள தமிழ்நாட்டில் முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர். 175 உறுப்பினர்கள் உள்ள ஆந்திரத்தில் 26 பேர். ஏரியின் இரு கரைக்கும் சேர்த்து 61 அமைச்சர்கள்வரை இருக்கலாம். அவர்களில் ஏரிக்கு என்று ஒருவரும் இல்லை.

166-ஆம் உறுப்புக்கு வருகிறேன், என் அக்கறையெல்லாம் அதன்மேல்தான். அரசின் அலுவல்களை வசதியாக நடத்தவும் அவற்றை அமைச்சர்களுக்குள் பங்கிடவும் ஆளுநர் விதிகள் செய்வார் என்று அதன் மூன்றாம் பிரிவு கூறுகிறது. தமிழ்நாடு அரசு அலுவல் விதிகள் அப்படிப் பிறந்தவை. எந்தச் சங்கதி எந்தச் செயலகத் துறைக்குரியது, எது அமைச்சரோடு முடியும், எது முதலமைச்சரிடம் போக வேண்டும், எது அமைச்சரவைக் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும், எதில் நிதித் துறையைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பள்ளியிலேயே சொல்லித்தருகிறோம். அலுவல் விதிகளைப் பற்றிக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. அன்றாட ஆட்சி இதற்குள்தான் நடக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. செயலகத் துறை வேறு, அமைச்சரின் பொறுப்பு வேறு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துவதில்லை. 2021 பட்டியலை எடுத்துக்கொள்வோம். கால்நடை பராமரிப்பு, பால்வளம், மீன்வளம், மீனவர் நலம் எல்லாம் செயலகத்தில் ஒரே துறை. அமைச்சர்கள் இருவர்: மீனும் கால்நடையும் அனிதா ராதாகிருஷ்ணனிடம், பால்வளம் சா.மு. நாசரிடம். சுற்றுச்சூழலும் காலநிலை மாற்றமும் வனமும் செயலகத்தில் ஒரே துறை. அமைச்சர்கள் அங்கும் இருவர்: வனம் கா. ராமச்சந்திரனிடம், சுற்றுச்சூழல் சிவ.வீ. மெய்யநாதனிடம். பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளம் பிரிந்து தனித்துறையாகி துரைமுருகனிடம் போனது. ஏரியில் இறங்கும் பூநாரை ஓர் அமைச்சருடையது, அது நிற்கும் நீரின் மாசு இன்னொருவருடையது, அது தின்னும் மீன் மூன்றாமவருடையது, அந்த நீர் உள்ளே வரும் வாய் நான்காமவருடையது. அந்த ஆண்டு மீன்வளத் துறையின் பெயரோடு ‘மீனவர் நலம்’ சேர்ந்ததை நான் மனதார வரவேற்றேன். மீனைப் பார்த்துவந்த துறை மீன்பிடிக்கும் மனிதரையும் பார்ப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை. ஆனால் நீரைப் பற்றிய அதிகாரம் அந்தப் பெயரோடு சேரவில்லை.

எதிர்க்கரையில் 2024-இல் சந்திரபாபு நாயுடு அமைச்சரவை அமைத்தபோது வனமும் சுற்றுச்சூழலும் ஊராட்சியும் ஊரக வளர்ச்சியும் துணை முதலமைச்சர் பவன் கல்யாணிடம் சென்றன. மீன்வளம் வேளாண்மையோடும் கால்நடையோடும் சேர்ந்து அச்சன்நாயுடுவிடம். அங்கே பறவைக்கும் ஊராட்சிக்கும் ஒரே அமைச்சர். இங்கே 2021 பட்டியலில் பறவைக்கு ஓர் அமைச்சர், ஊராட்சிக்கு இன்னொருவர். ஒரே ஏரியை இரண்டு தலைநகரங்கள் இரண்டு விதமாகக் கூறுபோட்டு வைத்திருப்பதால், இந்தப் பக்கத்து அமைச்சர் ஒருவர் ஏரியைப் பற்றிப் பேச விரும்பினாலும் அந்தப் பக்கத்தில் அவருக்கு நேரான ஆள் கிடைக்க மாட்டார்.

பிரிவு என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அமைச்சர் நிபுணராக இருக்க வேண்டியதும் இல்லை. மன்றத்தில் எழுந்து பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருந்தால் போதும். மானியக் கோரிக்கை நாளில் மீன்வள அமைச்சர் மீனுக்குப் பதில் சொல்வார், வன அமைச்சர் இன்னொரு நாளில் பறவைக்குப் பதில் சொல்வார். ஏரிக்குப் பதில் சொல்லும் நாள் எது?

ஏரியை இப்படிக் கூறுபோட்டது நேற்று நடந்ததல்ல. 1920 டிசம்பரில் அ. சுப்பராயலு ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதலாவது முதலமைச்சரானபோது மூன்று அமைச்சர்கள்தான். இரட்டையாட்சி முறையில் சில பொருள்கள் இந்திய அமைச்சர்களுக்கு மாற்றித் தரப்பட்டன. முக்கியமானவற்றை ஆளுநரும் அவருடைய நிர்வாகக் குழுவும் வைத்துக்கொண்டார்கள். மீன்வளம் மாற்றித் தரப்பட்ட பட்டியலில் இருந்தது. பாசனமும் கால்வாய்களும் நிலவரியும் நிதியும், சென்னை மாகாணத்தில் வனமும், ஆளுநர் பக்கம். மீனைத் தூக்கி நம் கையில் கொடுத்துவிட்டு நீரையும் கரையையும் காட்டையும் பணப்பெட்டியையும் வெள்ளைக்காரன் வைத்துக்கொண்டான். அந்த முறை 1937-இல் ஒழிந்தது. ஆனால் மீன் என்பது எளிதில் யாருக்கும் கொடுத்துவிடக்கூடிய பொருள், நீரும் நிலமும் கைவிடக் கூடாத பொருள்கள் என்ற மனப்பாங்கு ஒழிந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. 1957-இல் காமராசரின் எட்டுப் பேர் அமைச்சரவையில் மீன்வளம் உள்ளாட்சியோடு சேர்ந்தது. 2017-க்குப் பிறகு டி. ஜெயக்குமாரிடம் பணியாளர், நிர்வாகச் சீர்திருத்தத்தோடு சேர்ந்தது. 2021-இல் கால்நடையோடு. ஒன்றியத்திலோ 2019 வரை அது வேளாண் அமைச்சகத்தின் ஒரு மூலை. அந்த ஆண்டுதான் மீன்வளம், கால்நடை, பால்வளத்துக்குத் தனி அமைச்சகம் வந்தது.

1957-ஐப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்த எட்டுப் பேரில் ஒரே பெண் லூர்தம்மாள் சைமன். குளச்சல் தொகுதியிலிருந்து வந்தவர், கடற்கரைச் சமூகத்தவர். உள்ளாட்சியும் மீன்வளமும் அவர் கையில் இருந்தன. குப்பத்துக்குத் தெருவிளக்கும் குடிநீரும் தரும் துறையும், அதே குப்பத்தின் தொழிலைப் பார்க்கும் துறையும் ஒரே மேசையில். தெரிந்து செய்தார்களோ, தற்செயலோ, இதுவரை அமைந்த சேர்க்கைகளில் மிகப் பொருத்தமானது அதுதான் என்பேன். பின்னாளில் 2006 முதல் 2011 வரை மீன்வள அமைச்சராக இருந்த கே.பி.பி. சாமியும் மீனவர் சமூகத்தவர், இந்தக் கடற்கரையிலேயே திருவொற்றியூர் தொகுதிக்காரர். தொழில் தெரிந்தவர் வருவதால் சொல்லாமலே சில விஷயங்கள் புரியும். அதிகாரம் மட்டும் பட்டியலில் உள்ள அளவுதான்.

ஏரியின் இரு கரையும் ஓர் அமைச்சரவைக்குக் கீழ் இருந்த காலமும் உண்டு. 1937 ஜூலையில் ராஜாஜி அமைத்த பத்துப் பேர் அமைச்சரவையில் வருவாய்த் துறை த. பிரகாசத்திடம் இருந்தது, உள்ளாட்சி பெஜவாடா கோபால ரெட்டியிடம் இருந்தது. கோபால ரெட்டி நெல்லூர் மாவட்டத்துக்காரர். ஏரியின் வடகரை அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. சூளூர்ப்பேட்டையில் நடந்ததற்கும் ஆரம்பாக்கத்தில் நடந்ததற்கும் ஒரே மேசையில் பதில் கேட்கலாம். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிறந்தது. ராஜாஜியோடு ஒரே அமைச்சரவையில் இருந்த அதே பிரகாசம் அதன் முதலாவது முதலமைச்சரானார். பிறகு படாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது. எந்தக் கிராமம் எந்த மொழி என்று பார்த்துக் கோடு போட்டார்கள். மொழிவாரி மாநிலம் வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அது நியாயமான போராட்டம். ஆனால் நிலத்தின்மேல் போட்ட கோடு நீரின்மேலும் போய்விட்டது. ம.பொ.சி.யின் காலத்திலிருந்து வடக்கெல்லையைப் பற்றி நாம் பேசியதெல்லாம் ஊர்களைப் பற்றியே. இறாலுக்கும் மடவைக்கும் எந்த மாநிலம் என்று கேட்டவர் இல்லை.

அரசு இப்படிப் பங்கிட்டுக்கொண்டிருக்க, ஏரியின் தென்முனையில் மீனவர்கள் தங்களுக்குள் ஒரு பங்கீட்டை வெகுகாலமாக நடத்திவருகிறார்கள். பாடு முறை என்று அதற்குப் பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் அதில் முதன்மையானவை. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் நீரோட்டத்துக்குக் குறுக்கே வலை கட்டி இறால் பிடிப்பார்கள். அந்த இடங்கள் குறைவு, கட்ட விரும்புவோர் அதிகம். ஆகவே ஊர் கூடிச் சீட்டுப் போடுகிறது. தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பது சுற்றி வரும். நல்ல இடம் ஒருவரிடமே தங்காது. முறை தவறினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும், தண்டம் உண்டு. பங்கு போடுகிறவரும் நாளைக்கு அதே நீரில் இறங்கி வலை கட்டுகிறவர்தான்.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதைப் போன்ற கட்டுவலை முறை உண்டு. அங்கும் சீட்டு, அங்கும் சுற்று. 1958-இல் இலங்கை அரசு அதற்கென்றே ஒழுங்குவிதிகளை வெளியிட்டு அந்த உரிமையைச் சட்டமாக்கியது. மீனவர் சங்கங்கள் செய்துவந்ததை அரசு தன் ஏட்டில் எழுதிக்கொண்டது. நம்முடைய 1983-ஆம் ஆண்டு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகுகளையும் கடற்பரப்பையும் பற்றிப் பேசுகிறது. ஏரிக்குள் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பங்கீட்டுக்கு அதில் இடமில்லை.

பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட மனம் ஒப்பவில்லை. தலைக்கட்டு உரிமை பட்டினவர் குலத்து ஆண்களுக்குரியது. பெண்ணுக்குச் சீட்டில் பெயர் கிடையாது. ஏரியில் மார்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் போடும் இருளர்களுக்கும் கிடையாது. ஏரியில் நாள்தோறும் பாடுபடுகிறவர்கள் அவர்கள். அரசின் பட்டியலிலும் அவர்கள் வேறு பக்கம். பட்டினவர் மிகப் பிற்படுத்தப்பட்டோர், இருளர் பழங்குடியினர். ஒருவர் ஒரு நலத்துறைக்குப் போக வேண்டும், இன்னொருவர் இன்னொரு நலத்துறைக்கு. மீனவர் நலம் என்று மூன்றாவது ஒரு துறை இருக்க, மீன் பிடித்தே வாழும் இருளர் தம்மை மீனவர் என்று நிரூபிக்க அட்டை கேட்டு அலைய வேண்டியிருக்கிறது. ஊரின் பங்கீடும் அரசின் பங்கீடும் ஒத்துப்போகிற ஒரே இடம் இந்த விலக்கல். இதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

‘கூட்டுப் பொறுப்பு’ என்கிறது 164-ஆம் உறுப்பு. அமைச்சரவை முழுவதும் சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பு. வழக்கத்தில் இதற்கு நாம் கொடுத்திருக்கும் அர்த்தம் ஒருவர் பேசியதை மற்றவர் மறுக்கக் கூடாது, விழுந்தால் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும் என்பதுதான். துறைகளுக்கு நடுவே விழுந்து கிடக்கும் ஒரு பொருளை யாராவது எடுக்கவில்லையென்றால் அது எல்லோருடைய தவறு என்ற அர்த்தத்தையும் அதற்குக் கொடுக்கலாம். முகத்துவாரம் தூர்ந்து கிடக்கும் ஒவ்வொரு மாதமும் அது மீன்வள அமைச்சரின் தோல்வியோ நீர்வள அமைச்சரின் தோல்வியோ வன அமைச்சரின் தோல்வியோ என்று தேட வேண்டியதில்லை. ஆளுநர் மாளிகையில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்த அத்தனை பேருடையதும்தான் அது.

ஒடிசாவில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிலிக்கா ஏரி தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன் அற்றுப்போன நிலையில் 1991-இல் சிலிக்கா வளர்ச்சி ஆணையத்தை உண்டாக்கினார்கள். வன, சுற்றுச்சூழல் துறையின் கீழ் என்றாலும் அதன் ஆட்சிக் குழுவுக்கு முதலமைச்சரே தலைவர். ஆகவே மீன்வளமும் நீர்வளமும் வருவாயும் ஒரு மேசைக்கு வந்தே ஆக வேண்டும். 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். மீன் திரும்பியது. ஆபத்திலிருக்கும் ஈரநிலங்களின் உலகப் பட்டியலிலிருந்து 2002-இல் சிலிக்கா நீங்கியது. அங்கே எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. இறால் வளர்ப்புக்காக ஏரியை அடைத்தவர்களுக்கும் மீனவர்களுக்கும் இடையிலான சண்டையில் 1999 மே மாதம் சோரானா கிராமத்தில் போலீஸ் சுட்டு நான்கு பேர் இறந்தார்கள். ஆணையம் இருந்தும் அது நடந்தது. ஏரியை ஒன்றாகப் பார்ப்பது ஒரு வேலை. ஏரியில் யாருக்கு உரிமை என்று தீர்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் செய்யாமல் முடியாது.

சிலிக்கா முழுவதும் ஒரே மாநிலத்தில் இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் வழியே இல்லை என்பதும் சரியல்ல. 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புச் சட்டப்படி அமைந்த தென்மண்டலக் குழுவில் தமிழ்நாடும் ஆந்திரமும் உறுப்பினர்கள். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் முதலமைச்சரோடு இரண்டு அமைச்சர்கள் அதில் உட்காருகிறார்கள். ஆற்று நீர்ப் பங்கைப் பேசும் மேசையில் ஏரியையும் பேசலாம். இரு அரசுகளும் சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்து அதன் தலைமையை மாற்றி மாற்றி ஏற்கலாம். பாடு முறை தெரிந்த மீனவருக்கு இந்தச் சுழற்சியைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அது கைகூடும்வரை நம் பக்கத்தில் செய்ய வேண்டியதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அலுவல் விதிகளின் அட்டவணையில் ஏரியைப் பெயர் சொல்லி ஒரு பொருளாகச் சேர்த்து அதை ஓர் அமைச்சரின் பொறுப்பாக்கலாம். முகத்துவாரம் பற்றிய கோப்பு எந்தத் துறையில் எத்தனை நாள் இருக்கிறது என்று அவர் மன்றத்தில் சொல்ல வேண்டும்.

அமைச்சரவை அமைந்ததும் நாளிதழ்கள் மாவட்டவாரியாகப் பட்டியல் போடும். திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒருவர் கிடைத்தாரா, இல்லையா என்று பார்ப்போம். 2021-இல் ஆவடியிலிருந்து நாசர் வந்தார், 2023 மே மாதம் போனார், 2024 செப்டம்பரில் வேறு துறையோடு திரும்பி வந்தார். அவர் இருந்த மாதங்களிலும் இல்லாத மாதங்களிலும் ஏரியின் கோப்புகள் போன வழி ஒன்றேதான். மாவட்டத்துக்கு ஓர் அமைச்சர் வேண்டும் என்று கேட்பதைவிட ஏரிக்கு ஓர் அமைச்சர் வேண்டும் என்று கும்மிடிப்பூண்டி, பொன்னேரி இரண்டு தொகுதிகளின் உறுப்பினர்களும் சேர்ந்து கேட்பது பயன்படும். அப்படியொரு பொறுப்பு உண்டாகி, அதன் கீழ் ஆணையமும் அமைந்தால், அதில் பாடு முறை நடத்தும் பஞ்சாயத்துக்கு எத்தனை இடமோ அத்தனை இடம் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கும் வேண்டும், அதில் பாதி பெண்களுக்கு. அந்த இருளர் பெண் பழங்குடியினர் நலத்துறையின் பயனாளியா, மீனவர் நலத்துறையின் பயனாளியா என்ற கேள்வியை ஆணையத்தின் முதல் கூட்டத்திலேயே எடுத்துத் தீர்த்துவிட வேண்டும். கூட்டம் தலைமைச் செயலகத்தில் நடக்க வேண்டியதில்லை. ஆரம்பாக்கத்திற்கு ரயில் இருக்கிறது.